கை மாறிய வளையல்கள்

முதலில் சத்தம்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் இருந்த என் சின்ன ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கூட்டமே இல்லை. ஸ்டெல்லா சிஸ்டர் மேஜையில் தலையைச் சாய்த்திருந்தார். நான் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதன் பின்னாலேயே கண்ணாடி வளையல் சத்தம்.

ஒன்றிரண்டு வளையலின் சத்தம் இல்லை அது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அடுக்கின வளையல்கள் சேர்ந்து குலுங்குகிற சத்தம்.

"யாரோ வளைகாப்பு முடிச்சிட்டு ஆசீர்வாதம் வாங்க வர்றாங்க டாக்டர்" என்றார் ஸ்டெல்லா, தலையைத் தூக்காமலே.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆள் நடந்தால் வளையல் குலுங்கும், ஆள் நின்றால் அதுவும் நின்றுவிடும். இது படியேறி வந்து, வாசற்படியில் நின்ற பிறகும் விடாமல் குலுங்கிக்கொண்டிருந்தது. பிசைந்த கையோடு எழுந்து ஓடினேன்.

பவானி நின்றிருந்தாள். அரக்குப் பட்டுப்புடவை, கழுத்தில் மாலை, கன்னத்தில் காயாத சந்தனம். பல் தந்தியடிக்க, உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. ஒரு பக்கம் அவள் புருஷன் சேகரும் மறுபக்கம் மாமியாரும் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டேன் டாக்டரம்மா" என்றாள். "நீ சொன்ன மாரியே வந்துட்டேன்."

எங்கள் பக்கத்தில் டாக்டரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதைக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. சொந்தக்காரி என்று நினைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"நான் நல்லாத்தான் கீறேன்"

பவானி எதற்காக 'நீ சொன்ன மாரியே வந்துட்டேன்' என்றாள் என்று புரிய, சில மாதம் பின்னால் போக வேண்டும்.

பவானி பருத்திப்பட்டுக்காரி. பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. சேகர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கர்ப்பமாகி முதல் தடவை வந்தபோது, எல்லோருக்கும் எடுக்கிற மாதிரி அவளுக்கும் ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதனைக்கு அனுப்பினேன். சிறுநீரில் கிருமி இருப்பதாக முடிவு வந்தது.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இது சர்வசாதாரணம். எரிச்சல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, கிருமி பாட்டுக்குக் குடியிருக்கும். சும்மா விட்டால் சில பேருக்கு அது மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். அதனால் ஒன்றும் தெரியாத போதே மாத்திரை கொடுத்து விரட்டிவிடுவோம். அப்படித்தான் சீட்டை எழுதி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலியேமா. நான் நல்லாத்தான் கீறேன். இன்னாத்துக்கு மாத்திரை?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். திரும்ப நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கூட வந்திருந்த மாமியார் முனியம்மா, "ஒடம்பு சூடும்மா அது. ரெண்டு நாளைக்கு வெந்தயம் ஊற வெச்சி மோர்ல குட்த்தா சரியாப்பூடும்" என்று தன் வைத்தியத்தைச் சொன்னார்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது இந்நேரம் தெரிந்திருக்கும். "ஏம்மா, மோர் குடிச்சா தாகம் அடங்கும். கிருமி அடங்குமா? நீ என்ன, டாக்டருக்குப் படிச்சிருக்கியா?" என்று கத்தினேன். பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பவானி கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சேகர்தான் மெதுவாக வாயைத் திறந்தான். "மொதோ கொயந்தை அஞ்சாம் மாசத்துல பூட்ச்சி டாக்டரம்மா. அப்ப ஜொரத்துக்கு மாத்திரை சாப்ட்டா. மறுநாளு எல்லாம் பூட்ச்சி. அதுலேர்ந்து ஒரு தலைவலி மாத்திரைகூடத் தொட மாட்டா."

என் கோபம் அப்படியே இறங்கிப்போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"சரி பவானி" என்றேன். "ஒடம்பு உன்னோடது. வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. கட்டிப் போட்டு வாயில ஊத்த நான் ஒண்ணும் போலீஸ் இல்லை. ஆனா எனக்கு ஒரு வாக்குக் குடு. குளிர் தூக்கிப் போட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, இடுப்புக்கு மேல முதுகுல வலிச்சாலோ, அடுத்த நிமிஷம் இங்க இருக்கணும். வீட்ல விசேஷம், கடையில லீவு இல்லைன்னு ஒரு கதையும் எங்கிட்டச் சொல்லக் கூடாது."

"மாத்திரை சாப்டலன்னு திட்ட மாட்டியா?"

"திட்ட மாட்டேன்."

"அப்ப வரேன். சத்தியமா வரேன்."

ஒவ்வொரு மாதமும் வந்தாள். ஒவ்வொரு தடவையும், "மாத்திரை?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுப்பாள். இரண்டாம் முறை பரிசோதித்தபோதும் கிருமி அப்படியே இருந்தது. தண்ணீராவது நிறையக் குடி என்றால், "குட்ச்சா பாத்ரூம் போவணும்ல? ரெண்டு தபா போனா சூபர்வைசர் மொறைக்கிறான்" என்றாள். நாள் முழுக்க நிற்க வைத்து, தண்ணீர் குடிக்கவும் பயப்பட வைக்கிற கடைக்காரர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. வாசலில் மட்டும் குளுகுளுவென்று ஏ.சி. போட்டு, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கத் தெரிகிறது.

பிஸ்கட் டப்பா

வளையல் என்றதும் என் ஞாபகம் பழைய குவார்ட்டர்ஸ் நாட்களுக்கு ஓடுகிறது. கொஞ்சம் ஓடிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரூரிலிருந்து கல்யாணமாகி ஆவடிக்கு வந்தபோது எனக்கு இங்கே ஒரு ஈ காக்கை தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை. வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர்வீடு வேலூர், மாடியில் ராமநாதபுரம். காலையில் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கிளம்பும். அப்புறம் தெரு முழுக்கப் பெண்கள் ராஜ்ஜியம்.

யாருக்காவது வளைகாப்பு என்றால் போதும், சண்டை ஆரம்பித்துவிடும். ஏழாம் மாதமா, ஒன்பதாம் மாதமா? புளிச்சாதம் முதலிலா, சர்க்கரைப் பொங்கல் முதலிலா? இந்தக் கைக்கு எத்தனை, அந்தக் கைக்கு எத்தனை? ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு சட்டம். வேப்பிலைக் காப்பை முதலில் போட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. எனக்கு நடந்தபோது அந்த வேப்பிலைக் காப்பின் பச்சை வாசனை இரண்டு நாள் கையிலேயே இருந்தது. வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்து, "உள்ளே தூங்குற ஆளை எழுப்பிடப் போறே" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிரசவம் முடிந்ததும் அந்த வளையல்களைக் கழட்டிப் பிரசவம் பார்த்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் தனியாக ஆஸ்பத்திரி வைத்த பிறகும் இதை யாரும் விடவில்லை. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். டப்பா நிறைந்தால் அடுத்த டப்பா. மேஜை இழுப்பறையை வேகமாகத் திறந்தால் அத்தனையும் ஒரு தரம் கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் களைப்பு தெரியாது.

வீட்டுக்காரர் போன பிறகு என் கையில் ஒரு வாட்ச் மட்டும்தான். வளைகாப்புப் பத்திரிகைகள் வந்துகொண்டேதான் இருந்தன. வாசல் வரைக்கும் போய், வாழ்த்திவிட்டு, ஆஸ்பத்திரியில் அவசரம் என்று திரும்பிவிடுவேன். என்னை உள்ளே வராதே என்று ஒருவரும் சொன்னதில்லை. நானாகத்தான் நின்றுகொண்டேன். வலித்ததா என்று கேட்டால், வலித்தது.

கையை நீட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கையைக் கழுவிக்கொண்டு, பவானியைக் கட்டிலில் படுக்க வைத்துத் தொட்டேன். உடம்பு அனலாய்க் கொதித்தது. முதுகில், விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினதும் "அம்மா" என்று அலறினாள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. வயிற்றில் கை வைத்தேன். இறுகியது, தளர்ந்தது, திரும்ப இறுகியது. ஏழாம் மாதம். இந்த இறுக்கம் பிரசவ வலியாக மாறினால் குழந்தை பிழைப்பது கஷ்டம். கிருமி ரத்தத்தில் கலந்தால் தாய்க்கே ஆபத்து.

கதவோரம் நின்ற சேகரிடமும் முனியம்மாவிடமும் ஒளிக்காமல் சொன்னேன். "இப்பவே நரம்புல மருந்து போகணும். சாயங்காலத்துக்குள்ள இந்த இறுக்கம் நிக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடணும். அங்கதான் குறைமாசக் குழந்தையைப் பார்க்க வசதி இருக்கு." அப்படியே ஆம்புலன்ஸ்காரருக்கும் சொல்லி வைத்தேன்.

ஸ்டெல்லா ட்ரிப்ஸ் ஏற்றச் சாமான்களை எடுத்து வந்தார். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வளையல். நரம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஸ்டெல்லா வளையலில் கை வைத்ததுதான் தாமதம், பவானி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணா சிஸ்டர், வேணா! தொடாத!"

"ஏட்டி, கழட்டாம எப்படிம்மா ஊசி போட?" என்றார் ஸ்டெல்லா, தன் நாகர்கோவில் பேச்சில்.

"வேணா!"

முனியம்மா, "கொயந்தை பொறக்குற வரிக்கும் வளையலக் கயட்டக் கூடாதும்மா. இன்னிக்குத்தான போட்டோம்?" என்று இழுத்தார்.

என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வளையல் முக்கியமா, பிள்ளை முக்கியமா என்று ஒரு போடு போட்டிருப்பேன். பவானியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பிடிவாதம் பிடிக்கிற முகம் இல்லை அது. பயந்து நடுங்குகிற முகம். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா பயம்? சொல்லு."

குளிரில் உதறிக்கொண்டே சொன்னாள். "அப்பவும் அஞ்சாம் மாசம் வளையலு போட்டாங்கோ. ஜொரத்துல இட்டுகினு போனாங்கோ, வேற ஆஸ்பத்திரி. ட்ரிப்ஸ் போடணும்னு ஒருத்தி வந்து, கத்திரிக்கோலால பட்டு பட்டுனு ஒடைச்சிட்டா. ஒரு வார்த்தை கேக்கல. நான் கத்துறேன், அவ பாட்டுக்கு ஒடைக்கிறா. அப்பால..." இடது மணிக்கட்டை என் முன்னால் திருப்பிக் காட்டினாள். வளையல்களுக்கு அடியில் பழைய கண்ணாடி கிழித்த தழும்பு.

"சரி. இங்க ஒரு வளையலும் உடையாது. கத்திரிக்கோலே இந்த ரூமுக்குள்ள வராது" என்றேன். "ஸ்டெல்லா, எடுத்து வெளியில வைங்க." அவர் தட்டிலிருந்த கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்தார். "இப்ப நீ சொல்லு. எனக்கு ஒரு கை வேணும். எப்படித் தருவே?"

பவானி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். வயிறு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. என் ஜன்மத்தில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"கயட்டி மேசை மேல வெக்கக் கூடாது" என்றாள் கடைசியில். "கையிலேர்ந்து கைக்குத்தான் போவணும். அப்ப கயட்டுனதா ஆவாதுல்ல?"

"ஆகாது" என்றேன், எனக்கு என்னவோ எல்லாச் சாத்திரமும் தெரிந்த மாதிரி. "ஆனா உன் வலது கையில இனிமே இடம் இல்லையே?"

"அம்மா எங்க?"

அப்போதுதான் பவானியின் அம்மா கஸ்தூரியைக் கவனித்தேன். சேகரின் ஆட்டோவில் பின்னாலேயே தொற்றிக்கொண்டு வந்து, சுவரோரமாக நின்றிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. புருஷன் போய்ப் பல வருஷம். மகளின் வளைகாப்பில் மணைக்குப் பக்கத்தில் வராமல், காலையிலிருந்து சாதம் கிளறுகிற இடத்திலேயே இருந்திருக்கிறார். புடவையில் புளிக்காய்ச்சல் வாசனை அடித்தது.

"அம்மா, இங்க வா. கையக் குடு."

கஸ்தூரி இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டார். "எனக்கு எதுக்குடி கண்ணு? ஒங்க அத்தையாண்ட குடு. நான் போடக் கூடாது. ஒனக்கு ஆவாது."

"அதானே" என்றார் முனியம்மா. "அவ எப்டி போடுவா? நான் போட்டுக்கிறேன், குடும்மா."

பவானி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அந்தக் காய்ச்சலில் அவளுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ! "அத்தை, நீ காலையிலயே போட்டுட்ட. போன தபா நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, ஒடைஞ்ச வளையலப் பொறுக்கிகினு அயுதது எங்கம்மா. எனக்கு ஆவாதுன்னு அவளுக்கு எதுனா இருக்குமா? எங்கம்மா கையில இருந்தாத்தான் நான் ஊசி போட்டுக்குவேன். இல்லாங்காட்டி எனக்கு ஒண்ணியும் வேணா."

நான்தான், "ஐயா சாமி, மருந்து காத்துக்கிட்டிருக்கு! கஸ்தூரியம்மா, கையை நீட்டுங்க!" என்று கத்தினேன். சத்தியமாகக் கோபத்தில் இல்லை. கண் கலங்கினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

ஸ்டெல்லா சோப்பும் தண்ணீரும் கொண்டு வந்தார். பவானியின் இடது கையிலிருந்து ஒவ்வொரு வளையலாக அவளே வழுக்கி எடுக்க, அது அப்படியே அம்மாவின் கைக்குப் போயிற்று. பச்சை, சிவப்பு, மஞ்சள், மறுபடி பச்சை. பிசிறு வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை. ஆனாலும் வளையல் சுலபமாக ஏறியது. கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் சொட்டுவது மட்டும் தெரிந்தது. ஒரு வளையல்கூட உடையவில்லை. கடைசியாக வேப்பிலைக் காப்பு ஒன்று மட்டும் பவானியின் கையில் இருக்கட்டும் என்று முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டோம்.

ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் ஒரு துளி போட்டுப் பார்த்தோம். அப்புறம் மருந்து ஏற ஆரம்பித்தது.

எது முன்னாடி?

சாயங்காலம் வரைக்கும் என் கை அவள் வயிற்றிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ்காரர் இரண்டு தரம் போன் பண்ணி, "வரவா மேடம்?" என்றார். "இருங்க, இருங்க" என்றேன். தெருவில் ரயிலுக்குப் போகிறவர்கள் சத்தம் அதிகமாகிற நேரத்தில் இறுக்கம் குறைந்தது. பிறகு நின்றது. குழந்தையின் இதயத் துடிப்பும் நிதானத்துக்கு வந்தது. புளித்துப்போன தயிர்சாதத்தை அப்போதுதான் தின்றேன். அமிர்தமாக இருந்தது.

காய்ச்சல் முழுசாக விட மேலும் இரண்டு நாள் ஆயிற்று. கஸ்தூரி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரமே கிடந்தார். மகளுக்குத் தலை கோதும்போது வளையல் குலுங்கும். உடனே சத்தம் வராமல் இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார். "விடும்மா, சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருது" என்பாள் பவானி. முனியம்மா இளநீர் வாங்கிக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் கஸ்தூரியின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பச்சை ஒனக்கு ஷோக்காத்தான் கீது சம்பந்தி" என்றார்.

ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்ற வேண்டிய நேரம் வந்தது. திரும்பவும் அதே பல்லவியா என்று எனக்குத் திக்கென்றது. சீட்டை எழுதாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பவானி, முதல் தடவை என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் அங்க இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாத்திரை முன்னாடியா, காய்ச்சல் முன்னாடியா?"

"ஜொரம்தான் முன்னாடி. ஜொரத்துக்குத்தான் மாத்திரை சாப்ட்டேன்."

"காய்ச்சல் எத்தனை நாளா?"

யோசித்தாள். "குளிரு வந்துச்சி. அடிமுதுகு வலிச்சிது. கடையில லீவு தரல. நாலு நாளு கயிச்சித்தான்..." சட்டென்று நிறுத்தினாள். அவளே தனக்குள் எதையோ கோத்துப் பார்ப்பது தெரிந்தது. "இதே குளிருதான் டாக்டரம்மா. இதே வலிதான்."

"அப்படி இருந்திருக்கலாம். இதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமும் அந்த மாத்திரையைத் தன் கையால் எடுத்துப் போட்டுக்கொண்டோமே என்று தன்னையே திட்டித் திட்டித் தேய்ந்திருக்கிறாள் பாவம். கஸ்தூரி டம்ளரில் தண்ணீரை ஊற்றி, மாத்திரையை வளையல் கையில் வைத்து நீட்டினார். பவானி அதை எடுத்து, என்னைப் பார்த்து, "திட்ட மாட்டேன்னு சொன்னல்ல, திட்டல நீ" என்றாள். விழுங்கினாள்.

அன்று முழுக்க ஸ்டெல்லாவிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். சந்தோஷம் வந்தாலும் எனக்கு அப்படித்தான்.

வீட்டுக்குப் போகிறபோது கஸ்தூரி வளையல்களைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். "பெத்து எடுக்குற வரிக்கும் ஒன் கையிலயே இருக்கட்டும்" என்று பவானி சொல்லிவிட்டாள். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் என்னென்னவோ கேட்டார்களாம். "டாக்டரம்மா போடச் சொல்லிக்கீறாங்கோ" என்று பதில் சொல்லியிருக்கிறார். கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

என் பங்கு

மறுபடி எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. மாசம் நிறைந்து, வலி தானாக வந்து, ஒரு காலை நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆவடி லோக்கல் ரயிலின் ஹாரனைத் தோற்கடிக்கிற குரல். பவானி முதலில் குழந்தையைப் பார்த்தாள், அப்புறம் தன் வலது கை வளையல்களைக் கழட்டி ஸ்டெல்லாவிடம் கொடுத்தாள். டப்பா கலகலத்தது.

கஸ்தூரி குழாயடியில் நின்று கையில் சோப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒங்களுதும்மா இது. பிரசவம் பாத்தவங்களுக்குத்தான குடுக்கணும்? மொறை அதானே."

"ஆமாம், என்னோடதுதான்" என்றேன். "என்னோடதுங்கிறதாலதான் சொல்றேன். அது எங்க இருக்கணும்னு நான்தானே முடிவு பண்ணணும்? அங்கேயே இருக்கட்டும். சோப்பைக் கழுவுங்க."

அவர் கழுவிக்கொண்டு வந்து பேத்தியை வாங்கினார். வளையல் சத்தம் கேட்டு அந்தப் பிஞ்சு அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணைக் கொட்டியது.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. எனக்கும் முட்டிவலி வந்து மூடியாயிற்று. அந்த இடத்தில் செல்போன் கடை. ஸ்டெல்லா நாகர்கோவிலுக்கே போய்விட்டார். போகும்போது டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நானும் தடுக்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போனால், அந்தச் சத்தத்துக்காக இன்னும் காது தானாகத் தேடுகிறது.

போன மாதம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போனேன். பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பினால் கஸ்தூரி. பக்கத்தில் ஸ்கூல் யூனிபாரத்தில் ஒரு வாண்டு, பவானியின் மகள். நிறைய வளையல் உடைந்திருக்க வேண்டும், கையில் ஒரு கொத்துதான் மிச்சம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். என் வாட்சைப் பார்த்தார். தன் கையிலிருந்து பச்சை வளையல் ஒன்றை வழுக்கி எடுத்தார்.

"ஒங்க பங்கு ஒண்ணாவது ஒங்க கையில இருக்கட்டும் டாக்டரம்மா. கைய நீட்டு."

"எனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தேன். அன்றைக்குச் சுவரோரம் நின்று அவர் சொன்ன அதே வார்த்தை. வாய் தானாக மூடிக்கொண்டது. கையை நீட்டினேன். வயசான மணிக்கட்டு, ஏறவே இல்லை. வாண்டு கைகொட்டிச் சிரித்தது.

வளையலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாட்சைக் கழட்டினேன். கை நிறைய சோப்பைக் குழைத்துப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். ஏறிவிட்டது. எழுதுகிறபோது காகிதத்தில் உரசித் தொந்தரவுதான் செய்கிறது. கழட்டுகிற உத்தேசம் இல்லை.